தனி டம்ளர் வேண்டாம், தகுந்த டம்ளர் வேணும்



வாழை, நெல்லு, பெரியாத்துத் தண்ணின்னு எழுதிக்கிட்டிருக்கிறவன் இன்னைக்கு டம்ளரைப் பத்தி எழுதப் போறேன். சம்சாரிக்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. பட்டணத்துல இருந்து இதை வாசிக்கிற உங்கள்ல பாதிப்பேருக்கு அப்பாவோ, அம்மாவோ, பெரியப்பாவோ ஊர்ல இருப்பாங்க. அவங்க கை இப்ப எப்படி இருக்குன்னு கடைசியா எப்பப் பாத்தீங்க? போன்ல குரல் கேக்கும், வீடியோவுல முகம் தெரியும். கை தெரியாது.

எங்க கம்பம் பள்ளத்தாக்குல வயசான கை எல்லாமே வேலை பார்த்த கை. மம்பட்டி பிடிச்சு, கருதறுத்து, தார் சுமந்து, மலையில ஏலக்காய் எடுத்துத் தேய்ஞ்ச கை. அறுபது, எழுபது வயசுக்கு மேல அதுல பல கை நடுங்குது. சிலருக்கு முடக்குவாதத்துல விரல் மடங்காது. சிலருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தொங்கிப்போச்சு. சர்க்கரைக்காரங்க சிலருக்குக் கையில உணர்ச்சியே மரத்துப்போச்சு. இவங்க எல்லாருக்கும் நாம நீட்டுறது ஒரே டம்ளரைத்தான். வழவழன்னு, காது இல்லாம, சூடு அப்படியே ஏறுற எவர்சில்வர் டம்ளர். அதையும் மரியாதைன்னு சொல்லித் தளும்பத் தளும்ப ஊத்திக் குடுப்போம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நடுங்குற கைக்கும் பிடி இல்லாத கைக்கும் ஏத்த டம்ளரைத் தேடிக் குடுக்கிறது ஊன்றுகோல் வாங்கிக் குடுக்கிற அளவுக்கு முக்கியம். அதைக் கையைப் பார்த்து வாங்கணும், நோயாளி சாமான்னு தனியாத் தெரியாத மாதிரி வாங்கணும்.

கொஞ்சம் தண்ணி சிந்துனா என்ன, துடைச்சுக்கலாம்னு நினைப்பீங்க. சிந்துறது பிரச்சினை இல்லை. சிந்திடுமோங்கிற பயத்துல குடிக்காம இருக்கிறதுதான் பிரச்சினை. விசேஷ வீட்டுல கவனிச்சுப் பாருங்க. காபித் தட்டு வரும்போது சில பெரியவங்க "இப்பத்தான் குடிச்சேன்"னு சொல்லுவாங்க. குடிச்சிருக்க மாட்டாங்க. வெள்ளை வேட்டியில காபி கொட்டி நாலு பேரு பார்த்துட்டா அசிங்கம்னு நினைக்கிறாங்க. டீக்கடைக்குப் போறதை நிறுத்துவாங்க. டீக்கடை போச்சுன்னா பேப்பர் போச்சு, பேச்சு போச்சு, தண்ணி முறை எப்ப, வாழைத்தார் விலை என்னங்கிற சேதி போச்சு. வீட்டுக்குள்ளேயும் தண்ணி குறையும். சித்திரை வெயில்ல வீரபாண்டித் திருவிழா நடக்கிற நேரத்துல எங்க ஊர்ச் சூடு எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அந்த வெயில்ல நாளுக்கு நாலு டம்ளர் தண்ணியைக் குறைச்சா மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எந்திரிச்சா தலைசுத்தல், அதுல விழுந்து இடுப்பு எலும்பு முறிவுன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரும். நடுக்குவாதக்காரங்களுக்கு மலச்சிக்கல் ஏற்கெனவே அந்த நோயோடயே வர்றது. தண்ணியும் குறைஞ்சா கேக்கவே வேண்டாம்.

டம்ளர் வாங்குறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. கை ஏன் நடுங்குதுன்னு டாக்டர்கிட்டக் காட்டணும். "வயசாச்சு, நடுங்குது"ன்னு விட்டுடாதீங்க. எல்லா நடுக்கமும் ஒண்ணு இல்லை. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல விவரமா எழுதுன நடுக்குவாதத்துல, பெரும்பாலும் கை சும்மா மடியில கிடக்கும்போது நடுங்கும், ஒரு பொருளை எடுக்கப் போகும்போது கொஞ்சம் அடங்கும். எசென்ஷியல் ட்ரெமர்னு இன்னொண்ணு இருக்கு. அதுல கை சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. டம்ளரைத் தூக்கி வாய்கிட்டக் கொண்டுபோகும்போதுதான் ஆட்டம் கூடும். பல குடும்பத்துல இது பரம்பரையாவும் வரும். தைராய்டு அதிகமா சுரந்தாலும் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கிற சில மருந்து, வலிப்புக்குச் சாப்பிடுற சில மாத்திரையாலயும் நடுங்கும். இதுல சிலதை மருந்தாலேயே குறைக்கலாம். க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, காட்டுங்க. திடீர்னு ஒரு கையில இருந்து டம்ளர் நழுவி விழுந்து, வாயும் கோணி, பேச்சும் குளறினா டம்ளரைப் பத்தி யோசிக்கிற நேரம் இல்லை. உடனே 108க்குக் கூப்பிடுங்க.

இப்ப டம்ளருக்கு வர்றேன். மம்பட்டிக்குக் கணை போடும்போது பிடிக்கிறவன் உயரத்தையும் கையையும் பார்த்துத்தான் போடுவோம். எங்க அப்பாவுக்குப் போட்ட கணை எனக்குச் சரிப்படாது. கருதருவா பிடி பொம்பளையாளுக்கு ஒரு மாதிரி, ஆம்பளையாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். வேலை செய்யுற ஆயுதத்துக்குப் பார்க்கிற இந்தப் பொருத்தத்தைத் தண்ணி குடிக்கிற சாமானுக்கு மட்டும் நாம பார்க்கிறதே இல்லை. கடையில ஒரு டஜன் வாங்கி அடுக்கிடுறோம்.

முக்கியமான வித்தியாசம் இதுதான். நடுங்குற கையும் வலுவில்லாத கையும் வேற வேற. நடுங்குற கைக்குச் சில பேருக்குக் கனமான சாமான் உதவும். கையில கொஞ்சம் எடை இருந்தா ஆட்டம் அடங்கின மாதிரி இருக்கும். அதுக்குன்னே அடியில எடை வச்ச கோப்பைகள் விக்குது. ஆனா எல்லா நடுக்கத்துக்கும் அது வேலை செய்யாது. வலுவில்லாத கைக்கோ அதே கனம் எதிரி. முடக்குவாதக்காரங்களுக்குக் கனமான டம்ளரைக் குடுத்தா வலிதான் மிச்சம். அவங்களுக்கு லேசா இருக்கணும், காது பெரிசா இருக்கணும். ஒரு விரல் மட்டும் நுழையுற சின்னக் காது பிரயோஜனம் இல்லை. நாலு விரலும் உள்ளே போய் நிக்கணும். அப்பத்தான் விரல் இறுக்கிப் பிடிக்காட்டியும் உள்ளங்கையில டம்ளர் தொங்கி நிக்கும்.

உங்க வீட்டுப் பெரியவருக்கு எது சரிப்படும்னு பார்க்கக் காசு செலவில்லை. வீட்டுல பழைய பித்தளை டம்ளர் ஒண்ணு இருக்கும், லேசான எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு இருக்கும். ரெண்டுலயும் பாதி அளவு பச்சைத் தண்ணி ஊத்திக் குடுத்துக் குடிக்கச் சொல்லுங்க. சூடா எதையும் வச்சுச் சோதிக்கக் கூடாது. எதுல சிந்தல் கம்மின்னு கண்ணாலேயே தெரிஞ்சிடும். காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் பாருங்க. நடுக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மாத்திரை வேலை செய்யுற நேரத்துல கை ஒரு மாதிரி இருக்கும், அது இறங்குன நேரத்துல வேற மாதிரி இருக்கும். இறங்குன நேரத்துக் கையைப் பார்த்துத்தான் டம்ளரை முடிவு பண்ணணும்.

உணர்ச்சி மரத்த கை மூணாவது வகை. இதைப் பல பேரு கவனிக்கிறதே இல்லை. சர்க்கரையால மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற டம்ளரை அப்படியே பிடிச்சிருப்பாங்க, அப்புறம் பார்த்தாக் கொப்பளம் இருக்கும். வேலூர் சி.எம்.சி.யில 1940களோட கடைசியில இருந்து தொழுநோயாளிகளோட கைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் கைகள் பாழாப் போறதுக்குப் பெரிய காரணம், வலியும் சூடும் தெரியாததால படுற காயந்தான். சர்க்கரைக்காரங்க கைக்கும் காலுக்கும் அதே பாடம் பொருந்தும். இவங்களுக்கு ரெட்டைச் சுவர் வச்ச எவர்சில்வர் டம்ளர் நல்லது, கையில சூடு ஏறாது. ஆனா அதுல ஒரு ஆபத்தும் இருக்கு. வெளியில சூடு தெரியாததால உள்ள இருக்கிற காபி கொதிக்குதுன்னு தெரியாம வாயில ஊத்திடுவாங்க. ஆத்திக் குடுக்கிறது நம்ம பொறுப்பு. அறுபது டிகிரிச் சூட்டுல இருக்கிற காபி தொடையில கொட்டினா வயசானவங்க தோலு வெந்துபோகச் சில விநாடி போதும்.

நாலாவதா, விழுங்குறதுல சிரமம் உள்ளவங்க. நம்ம ஊர்ல எச்சில் படாம அண்ணாந்து குடிக்கிறது நல்ல பழக்கம்னு சொல்லி வளர்த்திருக்காங்க. கை நடுங்குறவர் அண்ணாந்து குடிச்சா மூக்குலயும் சட்டையிலயும் ஊத்தும். பக்கவாதம் வந்தவர், நடுக்குவாதக்காரர் அண்ணாந்து குடிச்சாத் தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம், அது நெஞ்சுச்சளி, நிமோனியா வரைக்கும் கொண்டுபோய் விடும். இவங்க தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, வாய் வச்சு, சின்னச் சின்ன மடக்காக் குடிக்கிறதுதான் பெரும்பாலும் பத்திரம். சாதா டம்ளர்ல கடைசி மடக்கு வரும்போது விளிம்பு மூக்குல இடிக்கும், அதனால தலை தானா அண்ணாக்கும். இதுக்குன்னே ஒரு பக்கம் மூக்குக்கு இடம் விட்டு வெட்டின டம்ளர் இருக்கு. பார்க்கக் கோணலா இருக்கும், ஆனா தலையைத் தூக்காமலே கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கலாம். தண்ணி குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தா டம்ளரை மாத்திப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்டச் சொல்லுங்க.

கடையில, ஆன்லைன்ல என்னென்ன கிடைக்குதுன்னும் சொல்லிடுறேன். ரெண்டு பக்கமும் காது வச்ச கோப்பை இருக்கு. ரெண்டு கையாலயும் பிடிக்கிறதால ஒரு கை ஆட்டத்தை இன்னொரு கை தாங்கும். மூடி போட்டு மூக்கு வச்சது இருக்கு. சிந்தாது, ஆனா மூடிக்குள்ள அழுக்கு சேரும், தினமும் கழட்டிக் கழுவ ஆள் வேணும். பால் குடிச்ச மூடியைக் கழுவாம வச்சா நம்ம வெயிலுக்கு மறுநாளே நாத்தம் அடிக்கும். உறிஞ்சு குழல் வச்சா டம்ளரைத் தூக்கவே வேண்டாம். மேசையில வச்சுக் குனிஞ்சு உறிஞ்சினாப் போதும். குழல் வாங்குனா சிலிகான்ல வாங்குங்க. எவர்சில்வர் குழல் சூடாகி உதட்டைச் சுடும், கை ஆடும்போது பல்லுல, ஈறுல இடிக்கும். விழுங்குற சிரமம் இருக்கிறவங்களுக்குக் குழல் ஆகுமான்னு கேட்டுட்டுத்தான் குடுக்கணும், ஏன்னா குழல்ல ஒரே இழுப்புல நிறைய வந்துடும். நடுக்கத்தை உணர்ந்து தானாச் சரிபண்ணிக்கிற எலக்ட்ரானிக் கரண்டி வரைக்கும் வெளிநாட்டுல வந்துருச்சு. அதெல்லாம் நம்ம கைக்கு எட்டுற விலை இல்லை.

ஆன்லைன்ல பார்க்கிறதுக்கு முன்னால நம்ம பரணைப் பாருங்க. சின்னச் சொம்பு ஒண்ணு இருக்கும். வயிறு அகலம், கழுத்து குறுகல், மேல விரிஞ்ச விளிம்பு. கழுத்துக்கிட்டக் குறுகி இருக்கிறதால ஆட்டுனாலும் தண்ணி உள்பக்கமாத் திரும்பி விழும். கழுத்தைச் சுத்தி விரலை வச்சா மேல இருக்கிற விளிம்பு நழுவ விடாது. நடுங்குற கைக்கு இது டம்ளரை விட நல்ல சாமான். செம்புச் சொம்பா இருந்தா அதுல மோர், எலுமிச்சைச் சாறு, புளிச்ச நீராகாரம் வேண்டாம், தண்ணியோட நிறுத்திக்கங்க. கும்பா இருக்கும். நீராகாரத்தை ரெண்டு உள்ளங்கையிலயும் ஏந்திக் குடிச்ச சாமான் அது. விரல் மடங்காதவங்களுக்கு உள்ளங்கையில ஏந்துறது சுலபம். ஆனா வாய் அகலம், அதனால நடுக்கம் இருக்கிறவங்களுக்கு ஆகாது. வட்டாவை டம்ளருக்கு அடியில வச்சாச் சிந்துறது மேல கொட்டாம அதுல விழும். மூக்குச் சொம்புல பாட்டிமாருக்குக் கஞ்சித்தண்ணி குடுத்த வீடுகளும் உண்டு. பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டுற சங்கு கூட இந்தச் சாதிச் சாமான்தான். வாய் சரியா மூடாதவங்களுக்குச் சொட்டுச் சொட்டாக் குடுக்க அதை விட ஒண்ணு கிடையாது. ஆனா தெம்பா உக்காந்திருக்கிற மனுசனுக்குச் சங்குல ஊத்தாதீங்க. பிள்ளையாக்கிட்டாங்கன்னு மனசு வெம்பிடும்.

கைச்செலவு இல்லாத வேலை இன்னும் ரெண்டு மூணு இருக்கு. புதுச் சைக்கிள் டியூப்ல ரெண்டு அங்குலம் வெட்டிச் சோப்புப் போட்டு நல்லாக் கழுவி டம்ளர் மேல மாட்டிவிட்டாப் பிடி வழுக்காது, சூடும் குறையும். டம்ளருக்கு அடியில ஈரத்துணியை மடிச்சுப் போட்டா நகராது. திண்ணையில குத்தவச்சு உக்காந்து குடிக்கிறதை விட, ஒரு மேசை முன்னால உக்காந்து ரெண்டு முழங்கையையும் ஊன்றிக் குடிச்சா ஆட்டம் பாதியாக் குறையும். முக்கால் டம்ளர் வேண்டாம், அரை டம்ளரா ரெண்டு தரம் குடுங்க. காபி, டீயில மேல நுரை நிக்கட்டும். நுரை இருந்தாத் தளும்பல் குறையும்னு 2015ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆட்கள் சோதிச்சுக் காட்டியிருக்காங்க. நாலஞ்சு அடுக்கு நுரையே போதுமாம். நம்ம டீ மாஸ்டர் தூக்கி ஆத்துறதுல இப்படி ஒரு லாபமும் இருக்கு.

இவ்வளவு விவரமும் தெரிஞ்சு, நல்ல சாமானா வாங்கி அனுப்புனாலும் பல வீட்டுல அது அட்டைப்பெட்டியோட பீரோ மேல கிடக்கும். கலர் கலரா, பால்வாடிப் பிள்ளை கையில இருக்கிற மாதிரி, மூக்கு வச்ச பிளாஸ்டிக் கோப்பை. எழுபது வருசம் நாட்டாமை மாதிரி வாழ்ந்த மனுசன் அதை எடுத்து நாலு பேர் முன்னால எப்படிக் குடிப்பார்? பிள்ளைகளுக்குக் கோவம் வருது, "இவ்வளவு காசு போட்டு வாங்கினேன், தொடவே மாட்டேங்கிறார்"னு. அவர் பக்கத்துல இருந்து பார்த்தா அந்தக் கோப்பை "நீ இனிமே ஆளு இல்லை"ன்னு சொல்லுற மாதிரி இருக்கும்.

புனேயைச் சேர்ந்த மிலேஹா சோனேஜின்னு ஒரு வடிவமைப்பாளர் இதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க உறவுக்காரப் பெரியவர் ஒருத்தருக்கு பார்க்கின்சன் வந்து, சிந்திடுமேங்கிற கூச்சத்துல வெளியிடத்துல டீ, காபி குடிக்கிறதையே விட்டுட்டார். அதைப் பார்த்து இவங்க ஒரு கோப்பை வடிவமைச்சாங்க. மேல் விளிம்பு உள்பக்கமா வளைஞ்சு, கை ஆடும்போது திரவத்தைத் திரும்ப உள்ளேயே தள்ளிவிடும். மின்சாரம் இல்லை, யந்திரம் இல்லை. 2015ல நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர் மேடையில இதைப் பத்திப் பேசும்போது அவங்க அழுத்திச் சொன்ன விஷயம், அது நோயாளிக் கோப்பைன்னு பார்த்தாத் தெரியாது, நீங்களும் நானும் கை தவறிக் கொட்டுற யாரும் அதுல குடிக்கலாம்ங்கிறதுதான். எனக்கு அந்த வளைவைப் பார்த்ததும் நம்ம சொம்புக் கழுத்து ஞாபகம் வந்துச்சு.

வளையுற உறிஞ்சு குழலோட கதையும் இதே மாதிரிதான். அமெரிக்காவுல ஜோசப் ஃப்ரீட்மேன்ங்கிறவர் 1937ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். முதல்ல விலைக்கு வாங்கினது ஒரு ஆஸ்பத்திரி, 1947ல. படுத்த படுக்கையா இருக்கிறவங்க குடிக்க வசதின்னு வாங்கினாங்க. அப்புறம் இளநீர்க் கடை, ஜூஸ் கடைன்னு உலகமே அதுல உறிஞ்சுச்சு. இன்னைக்கு வளைஞ்ச குழலைப் பார்த்து யாராவது நோயாளி சாமான்னு சொல்லுவாங்களா? எல்லாரும் புழங்குனா அதுல கூச்சம் ஒட்டாது.

இந்தக் கூச்சத்துக்கு எங்க பக்கத்துல கூடுதலா ஒரு காரணம் உண்டு. டம்ளரைத் தனியா வைக்கிறதுங்கிறது இந்த மண்ணுல சாதாரண விஷயம் இல்லை. இரட்டைக் குவளை வச்ச டீக்கடைகளை என் வயசுக்காரங்க கண்ணால பார்த்தவங்க. ஒரு சாதிக்கு உள்ள இருக்கிற டம்ளர், இன்னொரு சாதிக்கு வெளியில செருகி வச்ச டம்ளர். தீண்டாமையை அரசியல் சட்டத்தோட 17ஆம் பிரிவு 1950லயே ஒழிச்சாச்சு, ஆனா அந்தக் குவளை அதுக்கப்புறமும் ரொம்ப காலம் தொங்குச்சு. அந்தக் கொடுமையையும் ஒரு முதியவர் கூச்சத்தையும் நான் ஒரே தராசுல வைக்கலை. அது வேற, இது வேற. ஆனா "உனக்குத் தனி டம்ளர்"ங்கிற சொல்லுக்கு எங்க ஊர் காதுல என்ன அர்த்தம் விழும்னு பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். தொத்து வியாதிக்காரனுக்கு ஒதுக்கி வைக்கிற டம்ளர் நினைப்பும் அதோட சேர்ந்துக்கும். அதனால வீட்டுல பெரியவருக்குன்னு ஒண்ணு வாங்காதீங்க. ஆறு வாங்குங்க. காது வச்ச எவர்சில்வர் கோப்பையோ, சின்னச் சொம்போ, வீட்டுல எல்லாருமே அதுல குடிங்க. பேரப்பிள்ளை அதுல பால் குடிக்கட்டும், மருமகள் அதுல காபி குடிக்கட்டும். அப்ப அவரும் எடுப்பார்.

"எதுக்கு இம்புட்டுக் கஷ்டம், நாமளே பிடிச்சுக் குடிக்க வச்சிடலாமே"ன்னு சில பேரு சொல்லுவாங்க. பாசத்துல சொல்றதுதான். கையே தூக்க முடியாதவங்களுக்கு அது அவசியம், மறுக்கலை. தூக்க முடியுற கையை நாமளே பிடிச்சுக் குடிக்க வச்சா, தாகம் எடுக்கிற நேரத்துக்கு அவங்க குடிக்க முடியாது, நமக்கு ஒழியுற நேரத்துக்குத்தான் குடிப்பாங்க. அறுவடை நாள்ல, களையெடுப்பு நாள்ல வீட்டுல யாரு இருப்பா? கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அவங்க தாகத்தோட கிடப்பாங்க. வேற சிலர், "அது பாட்டுக்குப் பழகிப்போச்சு அவருக்கு"ன்னு சொல்லுவாங்க. பழகினது குடிக்காம இருக்கத்தான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டுச்சு, அதுல பார்க்கின்சன் நோயும் பேர் சொல்லி இருக்கு. 2017 ஏப்ரல்ல நெல்லூர்ல தொடங்குன ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துல ஏழை முதியவங்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது மிஷின், பல்செட்டு, கண்ணாடின்னு இலவசமாக் குடுக்க ஏற்பாடு பண்ணினாங்க. நல்ல காரியம். நடக்க, கேக்க, பார்க்க, மெல்ல எல்லாத்துக்கும் அந்தப் பட்டியல்ல ஒண்ணு இருந்துச்சு. குடிக்கிறதுக்கு ஒரு கோப்பை இல்லை. சக்கர நாற்காலி விலையில எத்தனை கோப்பை வாங்கலாம்? நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட்ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி பார்க்க வர்றாங்க. அவங்க வரும்போது கையை மடக்கு, நீட்டுன்னு மட்டும் பார்க்காம, "ஒரு வாய் தண்ணி குடிச்சுக் காட்டுங்க ஐயா"ன்னும் கேட்டாப் பாதி விஷயம் வெளியில வந்துரும். அவங்க கேக்காட்டி நீங்க சொல்லிக் கேக்க வைங்க.

பாத்திரக்கடைக்காரங்களுக்கும் பட்டறைக்காரங்களுக்கும் கேக்குறேன். கும்பகோணம் மாதிரிப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர் இருக்கிற நாடு நம்மளது. நாலு விரல் நுழையுற காது வச்சு, விளிம்பை உள்பக்கம் வளைச்சு, அடி அகலமா ஒரு எவர்சில்வர் டம்ளர் அடிக்கிறது அவங்களுக்குப் பெரிய வித்தையா? கல்யாணச் சீர்வரிசையில வைக்கிற மாதிரி அழகா அடிச்சு விட்டா வாங்க நாங்க இருக்கோம். டீக்கடைக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். இப்பப் பல கடையில வந்திருக்கிற பேப்பர் கப்பு கை நடுங்குறவங்களுக்குப் பெரிய எதிரி. கொஞ்சம் அழுத்துனா நசுங்கிக் கையில கொட்டும். காது வச்ச கோப்பை நாலு வாங்கி வச்சு, கேக்காமலே பெரியவங்களுக்கு அதுல அரைக் கோப்பை ஊத்திக் குடுங்க. மிச்சத்தை ரெண்டாவது தரம் ஊத்துங்க. ஒரு வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

கடைசியா பட்டணத்துச் சொந்தங்களுக்கு. அடுத்த தரம் ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வாங்க, வேண்டாம்னு சொல்லலை. வந்து உக்காந்ததும் அவங்களோட சேர்ந்து ஒரு காபி குடிங்க. அவங்க மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கிட்டே கையை ஒரு கண்ணால கவனிங்க. டம்ளரை எந்தக் கையால எடுக்கிறாங்க, எங்க ஆட ஆரம்பிக்குது, எவ்வளவு மிச்சம் வைக்கிறாங்க, விரல் சூட்டை உணருதா, குடிச்சதும் இருமுறாங்களா. "ஏன்ப்பா கை நடுங்குது"ன்னு எல்லார் முன்னாலயும் கேக்காதீங்க. மறுநாள் பாத்திரக்கடைக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. நாலஞ்சு கோப்பையைக் கையில குடுத்துப் பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. எது அவர் கையில நிக்குதோ அதையே வீட்டுக்கு ஆறா வாங்கிட்டு வாங்க. செலவு ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோட போயிட்டு வர்ற அளவு கூட ஆகாது.

பழைய பித்தளைச் சாமானை எடைக்குப் போடுறதுக்கு முன்னாலயும் ஒரு தரம் யோசிச்சுக்கங்க. நம்ம கைக்கும் அந்த வயசு வரும்.

அடுத்த வாரம் வாழைக்கு முட்டுக் குடுக்கிறதைப் பத்தி எழுதுறேன். காத்து சீசன் வருது.